பிடியரிசி நின்றுபோன இடத்தில்

கேள்வி:

அக்கா, நான் பாலையூற்றில் இருக்கிறேன். வயது 43, பாடசாலை ஆசிரியை. எங்கள் சபையில் 2019இல் தொடங்கிய உணவு ஊழியத்துக்கு நான்தான் பொறுப்பு. அப்போது 14 வீடுகள். பெண்கள் ஐக்கியத்தில் எல்லோரும் பிடியரிசி, அதாவது சமைக்கும்போது ஒரு பிடி அரிசி, எடுத்து வைத்து ஞாயிறு கொண்டுவருவோம். அதோடு பருப்பு, சீனி, தேயிலை சேர்த்துப் பொதி கட்டுவோம். கொரோனாவிலும் 2022 பொருளாதார நெருக்கடியிலும் வீடுகள் கூடி இப்போது 46. கனடாவில் உள்ள எங்கள் சபைக் குடும்பம் ஒன்று மாதாமாதம் பணம் அனுப்பத் தொடங்கியதும் பிடியரிசி நின்றுவிட்டது.

இப்போது பட்டியல், கடை, பொதி, ஓட்டோ, படம் எடுத்து அனுப்புவது எல்லாம் நான்தான். டித்வா புயல் வெள்ளத்தில் மூதூருக்குப் பொதி கட்ட ஐம்பது பேர் மண்டபத்தில் நின்றார்கள். இரண்டு கிழமையில் பழையபடி நான் தனி. காசு பத்தாத மாதம் என் சம்பளத்தில் போடுகிறேன், கணவருக்குத் தெரியாது. இரவு 11 மணிக்கும் போன் வருகிறது. போன மாதம் ஒரு வயதான ஐயா, "பிள்ளை, பருப்பு வேண்டாம், டின் மீன் இருந்தா தாங்கோ" என்று கேட்டார். "தாறதை வாங்கத் தெரியாதா?" என்று எல்லோருக்கும் முன்னால் கத்திவிட்டேன். பொதியை வைத்துவிட்டுப் போனவர், இந்த மாதம் வரவில்லை. "அம்மா, எங்கட வீட்டையும் உங்கட லிஸ்ட்ல போடுங்கோ" என்கிறாள் மகள். உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார் என்ற வசனத்தைக் கேட்கவே இப்போது பயமாக இருக்கிறது. என்னிடம் அன்பு வற்றிவிட்டதா? விட்டுவிடலாமா? விட்டால் அந்த 46 வீடும் என்ன செய்யும்?

— திருகோணமலையிலிருந்து ஒரு சகோதரி

பதில்:

அன்பின் தங்கச்சி,

முதலில் அந்த ஐயாவின் வீட்டுக்குப் போங்கள். முடிந்தால் இன்றைக்கே போங்கள், இந்தக் கடிதத்தின் மிச்சத்தை வந்து வாசிக்கலாம். பொதி எதுவும் கொண்டுபோக வேண்டாம். பொதியோடு போனால் நீங்கள் மறுபடியும் கொடுக்கிறவர், அவர் மறுபடியும் வாங்குகிறவர். இந்த முறை கேட்டு நிற்கப் போவது நீங்கள். "நான் அப்படிக் கதைத்தது பிழை, ஐயா" என்று சொன்னால் போதும். களைப்பு, வேலை, பள்ளிக்கூடம் என்று காரணம் அடுக்க வேண்டாம். அவர் திரும்ப வர மனம்வைத்தால், அதே வரிசையில் நாலு பேருக்கு முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கத்தியது அங்கேதானே.

அப்புறம் ஆறுதலாகக் கேளுங்கள், ஏன் டின் மீன் என்று. எனக்குத் தெரியாது, ஆனால் என் அனுபவத்தில் இப்படிக் கேட்கிறவருக்கு அநேகமாக ஒரு காரணம் இருக்கும். பருப்பு அவிய நேரம் எடுக்கும். தனியாக இருக்கிற வயதானவருக்கு விறகும் சமையல் காஸும் பெரிய கணக்கு. டின் மீன் என்றால் திறந்து சோற்றோடு சாப்பிட்டுவிடலாம். அல்லது கிளினிக்கில் ஏதாவது சொல்லியிருப்பார்கள். அல்லது கடற்கரையில் வளர்ந்த மனுசனுக்கு மீன் இல்லாத சோறு இறங்கவில்லை. அதுவும் காரணம்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

2005 ஜனவரியில், சுனாமி முடிந்து சில கிழமைகளில், உப்புவெளிப் பக்கம் ஒரு முகாமில் உடுப்புக் கொடுக்கிற வேலை எனக்கு. ஒரு பெண் வரிசைக்கு வந்து, பார்த்துவிட்டு, எடுக்காமலே போவார். மூன்று நாள் இப்படி. நான்காம் நாள் எனக்குக் கோபம் வந்து, "உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டேன். "சேலை நிறைய இருக்கு. உள்பாவாடை ஒண்டும் இல்லையே, அக்கா" என்றார் மெதுவாக. எங்களுக்குப் பின்னால் மலைபோலச் சேலையும் கம்பளிச் சுவெட்டரும் குவிந்து கிடந்தன. எத்தனையோ பெண்கள் வெட்கத்தில் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வேண்டாம் என்ற ஒருத்தியால்தான் எங்களுக்கு விசயம் தெரிந்தது. உங்களுக்கு அப்படியொரு தகவலைத் தந்தவர் இந்த ஐயா.

சரி, உங்கள் கோபத்துக்கு வருவோம். அன்பு வற்றிவிட்டதா என்று கேட்டீர்கள். நீங்கள் சொல்கிற நிலைக்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது, பர்ன் அவுட். எரிந்து தீர்ந்துபோதல் என்று சொல்லலாம். அந்தச் சொல் முதலில் யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். 1974இல் நியூயோர்க்கில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் என்ற உளவியலாளர் எழுதினார். பகலில் தன் தொழில், இரவில் ஏழைகளுக்கான ஓர் இலவச மருத்துவ நிலையம் என்று ஓடியவர் அவர். அங்கே சம்பளம் இல்லாமல் வேலை செய்த தொண்டர்களையும் தன்னையும் பார்த்துத்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஏனோதானோ என்று வந்தவர்களைவிட, மனதை முழுக்கக் கொடுத்தவர்கள்தான் முதலில் தீய்ந்துபோனார்கள் என்று கண்டார்.

பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற ஆய்வாளர் இதற்கு மூன்று முகம் உண்டு என்று காட்டினார். உள்ளே ஒன்றும் மிச்சமில்லாத களைப்பு ஒன்று. எதிரே நிற்கிற மனிதர் மனிதராகத் தெரியாமல் போவது இன்னொன்று. நான் செய்வதால் ஒரு பிரயோசனமும் இல்லை என்ற நினைப்பு மூன்றாவது. அந்த இரண்டாவதை யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அந்த ஐயா உங்களுக்குப் பட்டியலில் ஒரு இலக்கமாகத்தான் தெரிந்திருப்பார். 2019இல் அவர் வீட்டு வாசலில் நின்று கதைத்த அதே நீங்கள்தான். உலக சுகாதார நிறுவனமும் இதை நோய் என்று சொல்வதில்லை. வேலையில் நீண்ட காலம் சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே உங்கள் இருதயத்தைச் சோதிப்பதை விட்டுவிட்டு, வேலை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். அழுகையோடு எழுதிய வரிகள் பல இருந்தன. ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். பணம் வரத் தொடங்கியதும் பிடியரிசி நின்றுவிட்டது என்ற வரி.

பிடியரிசி எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். உலைக்கு அரிசி அளந்த கையால் ஒரு பிடியைத் திருப்பி எடுத்து வேறொரு டின்னில் போடுகிறோம். சாப்பிடுகிற யாருக்கும் அந்தக் குறைவு தெரியாது. சைவ வீடுகளிலும் இப்படிக் கைப்பிடி எடுத்து வைக்கிற வழக்கம் உண்டு. என் அம்மம்மாவின் டின் பழைய மால்ட் பால்மா டின். அதற்குள் கை போகும்போது அவர் ஒரு பெயரைச் சொல்வார், யாராவது ஒரு வீட்டுக்காரரின் பெயர். அப்புறம்தான் மூடியைப் போடுவார்.

அப்போது உங்களிடம் அரிசி மட்டுமா சேர்ந்தது? முப்பது பெண்கள் முப்பது அடுப்படியில் ஒவ்வொரு நாளும் அந்த 14 வீட்டை நினைத்தார்கள். ஞாயிறு சாக்கில் கொட்டும்போது, "அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா", "அவவின் மகன் கப்பலுக்குப் போய்விட்டானா" என்று கதைத்தார்கள். யார் வீட்டில் பருப்பு அவிக்க ஆள் இல்லை என்பது யாருக்காவது தெரிந்திருக்கும். இப்போது அந்த அறிவு எல்லாம் உங்கள் ஒருவரின் வட்ஸ்அப்பில் இருக்கிறது. கடையில் சாமான் வாங்க ஒரு ஆள் போதும் என்பதால் மற்ற எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். யாரும் கெட்ட மனதோடு போகவில்லை. தேவை இல்லை என்று நினைத்தார்கள்.

கனடாக் குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்தின வருடம் 1,000 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு ஏறத்தாழ 1,950 கொடுக்க வேண்டியிருந்தது. பிடியரிசியால் மட்டும் அந்த வருடத்தைக் கடந்திருக்க முடியாது. பணம் வந்தது நன்மை. அதோடு ஆட்கள் போனதுதான் நட்டம்.

அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமில் தினசரி பகிர்வில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர் பன்னிரண்டு பேரும், இனி நாங்கள் இன்னும் இரண்டு மணித்தியாலம் கூட நின்று பார்க்கிறோம் என்று சொல்லவில்லை. சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயரையும் வாசியுங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு என்று எல்லாம் கிரேக்கப் பெயர். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பொறுப்புப் போனது போலத் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ஆகவே என் ஆலோசனை, விடவும் வேண்டாம், இப்படியே இழுக்கவும் வேண்டாம். இந்தக் கிழமையே போதகர் ஐயாவோடு கதைத்து ஒரு திகதி சொல்லுங்கள். மூன்று மாதத்தில் இந்த வேலை என் ஒருத்தியின் கையில் இருக்காது என்று சொல்லுங்கள். திகதி இல்லாமல் சொன்னால் "ஜெபிப்போம் பிள்ளை" என்பதோடு முடிந்துவிடும். ஜெபம் தேவை, திகதியும் தேவை.

ஆட்கள் எங்கே என்று கேட்பீர்கள். மூதூர் வெள்ளத்துக்கு ஐம்பது பேர் வந்தார்களே. ஏன் வந்தார்கள்? என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக இருந்தது, பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள், இரவு எட்டு மணிக்கு முடிந்துவிடும் என்று தெரிந்தது. "யாராவது உதவிக்கு வாங்கோ" என்று ஆலயத்தில் அறிவித்தால் யாரும் வரமாட்டார்கள். "தம்பி, மாதத்தில் முதல் சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை அரிசி நிறுக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு மட்டும்" என்று முகம் பார்த்துக் கேளுங்கள். வாலிபர் ஐக்கியத்தில் அதற்கு ஆள் இருக்கிறது. முடிவு தெரியாத பொறுப்புக்குத்தான் பயப்படுகிறார்கள், உங்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்றுகூடச் சொல்வேன். பொறுப்பு எடுத்தால் அந்த அக்கா மாதிரி ஆகிவிடுவோம் என்று.

வீடு சந்திக்கப் போவது இரண்டு இரண்டு பேராக இருக்கட்டும். கத்தோலிக்க ஆலயங்களில் வின்சென்ட் டி போல் சபையார் அப்படித்தான் போவார்கள். 1833இல் பாரிஸில் ஃப்ரெடெரிக் ஓசானம் என்ற இளைஞரும் நண்பர்களும் தொடங்கிய காலத்திலிருந்து வருகிற வழக்கம். ஒருவர் கதைத்துக்கொண்டிருக்க மற்றவர் கவனிப்பார். பாதுகாப்பும் உண்டு, பாரமும் பாதியாகும். எட்டுச் சோடி கிடைத்தால் ஒரு சோடிக்கு ஆறு வீடு கூட வராது. ஆறு வீட்டின் பெயர், பிள்ளைகள், வருத்தம், விருப்பம் எல்லாம் ஒரு மனதில் நிற்கும். நாற்பத்தாறு நிற்காது.

அந்தச் சோடிகளில் பொதி வாங்குகிற வீட்டு ஆட்களும் இருக்க வேண்டும். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். 46 வீட்டிலும் ஓட்டோ ஓடுகிறவர் இல்லையா, கையெழுத்து அழகான பெண் இல்லையா, மொத்த விலைக்குச் சாமான் எங்கே மலிவு என்று தெரிந்த அம்மா இல்லையா? எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில், பொதி வாங்க வந்த ஒரு தாயிடம் பட்டியலைத் திருத்தித் தரக் கேட்டார்கள். இரண்டு வீட்டுக்கு இனித் தேவையில்லை, மூன்று வீடு வெட்கத்தில் வராமல் இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். கொடுக்கிறவர்கள் இரண்டு வருடமாக அறியாத விசயம்.

போன் விசயம். ஊழியத்துக்குத் தனியாக ஒரு சிம் எடுங்கள். கிழமைக்கு ஒருவர் வைத்திருக்கட்டும், இரவு எட்டு மணிக்குப் பிறகு அணைத்துவிடட்டும். உயிர் அவசரம் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், அந்த இலக்கத்தை எல்லா வீட்டுக்கும் எழுதிக் கொடுங்கள். 70 வயது கடந்தவர்களின் முதியோர் கொடுப்பனவு, அரசின் அஸ்வெசும நலன்புரி உதவிக்கான விண்ணப்பம், மேன்முறையீடு ஆகியவற்றை அறிந்த ஒருவர் குழுவில் இருக்கட்டும். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் ஒரு வயதானவரோடு கூடப்போய் வருவது பல பொதிகளுக்குச் சமம்.

இனிக் காசு. இதில் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்திலிருந்து ரகசியமாகப் போடுவதை இந்த மாதமே நிறுத்துங்கள். இதுவரை போட்டது எவ்வளவு என்று கணக்குப் பார்த்து உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். சம்பளத்தில் கொடுப்பது பிழையில்லை. அவரோடு கதைத்து, மாதம் இவ்வளவு என்று தீர்மானித்து, காணிக்கையாகப் போடுங்கள். ஒளித்துப் போடுவதுதான் வீட்டையும் சபையையும் ஒருசேரப் பாதிக்கிறது. நீங்கள் சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டிருந்தால் சபைக்குப் பள்ளம் இருப்பதே தெரியாது. பத்தாத மாதம் ஆலயத்தில் சொல்லுங்கள், "இந்த மாதம் ஒரு பொதிக்கு 800 ரூபாய் குறைகிறது" என்று. சேர்ந்தால் நல்லது. சேராவிட்டால் அந்த மாதம் பொதி சிறிதாக இருக்கட்டும்.

நீங்கள் பயப்படுகிற வசனம் 2 கொரிந்தியர் 9இல் இருக்கிறது. அதன் முன்பாதியை நாம் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, அவனவன் தன் மனதில் நியமித்தபடியே என்கிறார் பவுல். கொடுக்கிறவரைப் பாதுகாக்கிற வார்த்தை அது. சிரித்த முகத்தோடு கொடுக்காவிட்டால் தேவனுக்குப் பிடிக்காது என்று உங்களைப் பயமுறுத்த எழுதியதில்லை. அதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். எருசலேமுக்கான காணிக்கையைப் பவுல் தனியாகக் கையாளவில்லை. ஒருவரும் குற்றம் சொல்ல இடம் வரக்கூடாது என்று சபைகள் தெரிந்த ஆட்களையும் கூட வைத்துக்கொண்டார். இரண்டு பேர் கையெழுத்து, ரசீதுப் புத்தகம், மாதக் கணக்கை ஆலயப் பலகையில் ஒட்டுவது. கனடாவுக்கும் அந்தக் கணக்கையே அனுப்புங்கள்.

ஆட்களின் படம் அனுப்புவதை நிறுத்துங்கள். மூட்டையைப் படமெடுங்கள், கட்டின பொதிகளை எடுங்கள், வாங்குகிறவரின் முகம் வேண்டாம். நீங்கள் ஆசிரியை. அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். தன் அம்மா பொதி வாங்கி நிற்கும் படத்தைக் கூடப்படிக்கிறவன் முகநூலில் காட்டினால் அந்தப் பிள்ளை மறுநாள் எப்படி வரும்? கனடாக்காரருக்கு இதை இப்படியே எழுதுங்கள், விளங்கிக்கொள்வார்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். பொதி கொடுப்பதற்கு முன் ஜெபக்கூட்டம் நடக்கிறதா? நடந்தால் இரண்டையும் வேறு வேறு நாளில் வையுங்கள். நம் ஊரில் ஒரே ஒழுங்கையில் சைவர், முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் இருக்கிறோம். அரிசிக்காக அரை மணித்தியாலம் உட்கார்ந்திருக்கிற அம்மாவின் மனதில் என்ன ஓடும்? உதவியைச் சமயம் பரப்பப் பயன்படுத்த மாட்டோம் என்ற 1994ஆம் ஆண்டின் நடத்தைக் கோவையைச் செஞ்சிலுவையோடு சேர்ந்து முன்வைத்தவர்களில் கத்தோலிக்க உதவி அமைப்பான கரித்தாஸும் உலகத் திருச்சபைகள் மன்றமும் இருக்கிறார்கள். விசுவாசமுள்ளவர்களே ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு அது. யாராவது தானாக ஜெபம் கேட்டால் மனதாரச் செய்யுங்கள்.

நான் விட்டால் 46 வீடும் என்ன செய்யும் என்று கேட்டீர்கள். ஒரு பொதி ஒரு வீட்டுக்கு எத்தனை நாள் போகும்? ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாள். மிச்ச இருபது நாளும் அந்த வீடுகள் கூலி வேலையிலும், கடற்தொழிலிலும், பக்கத்து வீட்டுக் கடனிலும், தங்கள் சாமர்த்தியத்திலும் ஓடுகின்றன. உங்கள் பொதி பெரிய உதவி. ஆனால் அவர்களை உயிரோடு வைத்திருப்பது நீங்கள் ஒருவர் அல்ல. இதைச் சொல்வது உங்கள் வேலையைக் குறைக்க அல்ல, இரவில் நீங்கள் நித்திரை கொள்ள வேண்டும் என்பதற்காக.

நித்திரை பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் சரியான தூக்கம் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போய் ஒருமுறை கதையுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்திலும் கதைக்கலாம். விசுவாசம் குறைந்ததற்கு அடையாளம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொறுப்பைக் கொடுத்து முடித்ததும் ஒரு மாதம் முழுக்க விலகி இருங்கள். பட்டியல் பார்க்க வேண்டாம், குறை கேட்க வேண்டாம். மகளோடு பின்னேரத்தில் உட்துறைமுகப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். அவள் லிஸ்டில் போடச் சொல்லிக் கேட்டது பொதியை அல்லவே.

அந்த மாதம் முடிந்து திரும்பும்போது முதல் வேலையாகப் பெண்கள் ஐக்கியத்தில் பிடியரிசியை மறுபடி தொடங்குங்கள். கனடாப் பணம் வந்துகொண்டிருக்கட்டும், அதுவும் இருக்கட்டும். இந்த முறை பொதி வாங்குகிற வீடுகளிடமும் கேளுங்கள். விரும்பியவர்கள் ஒரு பிடி தருவார்கள், அவர்களைவிடக் கஷ்டப்பட்ட ஒரு வீட்டுக்கு. வேண்டாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

ஐயாவைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். டின் மீன் ஏன் என்று அவர் என்ன சொன்னார் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா